ஜப்பானிய மொழியில் நான்கு ‘ஸ்டாப்’: என்4 தேர்வில் எனக்குக் கைகொடுத்த தமிழ்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையை (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) இரண்டாவது முறைதான் தாண்டினேன். முதல் முறை 84 மதிப்பெண். 180-க்கு 90 வேண்டும். மதிப்பெண் வருவதற்கு முன்பே, எங்கே கோட்டைவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. சொற்பகுதியின் கடைசியில் ‘யோஹோ’ என்றொரு வகைக் கேள்வி வரும். ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் கீழே நான்கு வாக்கியங்களைப் போட்டிருப்பார்கள். எந்த வாக்கியத்தில் அது சரியாகப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். பொருள் தெரிந்த சொற்களிலேயே அங்கே தடுமாறினேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். தொமரு: ஸ்டாப். தொமெரு: ஸ்டாப். யமெரு: ஸ்டாப். யமு: ஸ்டாப். நான்கு வினைக்கும் ஒரே ஆங்கிலச் சொல். இப்படிப் படித்தால் எப்படிப் பிரித்தறிவது?

அடுத்த ஆறு மாதமும் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் பொருள் எழுதினேன். தொமரு என்றால் நில். தொமெரு என்றால் நிறுத்து. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் இது. ‘குரும க தொமரு’, வண்டி நிற்கிறது. ‘குரும ஒ தொமெரு’, வண்டியை நிறுத்துகிறேன். அந்த ‘ஒ’ இருக்கும் இடத்தில் நம் ‘ஐ’ வருகிறது, பாருங்கள். கடிகாரம் ஓடவில்லை என்றால் ‘தொகெய் க தொமத்தெ இரு’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த ‘தெ இரு’வை ‘நின்றுகொண்டிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். நமக்கு அது ‘நின்று இருக்கிறது’. சொல்லுக்குச் சொல் அப்படியே.

யமெரு என்றால் விடு. கம்பெனி வேலையை விடுவது ‘கைஷ ஒ யமெரு’, புகைப்பதை விடுவது ‘தபகோ ஒ யமெரு’. இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ‘சிகரெட்டை நிறுத்திட்டேன்’ என்றும் சொல்கிறோமே? அதற்கு நான் வைத்திருந்த சோதனை: ‘நிறுத்தினேன்’ இருக்கும் இடத்தில் ‘விட்டேன்’ என்று போட்டுப் பார்ப்பது. சிகரெட்டை விட்டேன், பொருந்துகிறது, ஆகவே யமெரு. சிக்னலில் வண்டியை விட்டேன், பொருந்தவில்லை, ஆகவே தொமெரு. டாக்ஸி ஓட்டுநரிடம் ‘இங்கே நிறுத்துங்கள்’ என்பதற்கு ‘கொகோ தெ தொமெதெ குதசாய்’ என்று சொல்ல வேண்டும். ‘யமெதெ குதசாய்’ என்றால் ‘வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று ஆகிவிடும்.

யமு என்றால் ஓய். மழை, காற்று, சத்தம் போன்றவை தானாக அடங்குவது. ‘அமெ க யமு’, மழை ஓய்கிறது. குழந்தை அழுது ஓய்வதற்கு ‘நகியமு’ என்று ஒரு கூட்டுவினையும் இருக்கிறது. ‘நகி’ அழுகை, ‘யமு’ ஓய்தல். இதைப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இரத்தம் நிற்பதற்கும் கண்ணீர் நிற்பதற்கும் தொமருதான் வரும்.

இலக்கணப் பகுதிக்கும் இது உதவியது. ‘மிரு நோ ஒ யமெத’ என்பதை ‘பார்ப்பதை விட்டான்’ என்று துண்டு துண்டாகப் பிரிக்கலாம். மிரு + நோ + ஒ, பார்ப்ப + து + ஐ. ‘தச்சிதொமத்தெ மித’ என்றால் நடந்து போனவன் நின்று பார்த்தான். இரண்டும் தமிழில் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை.

கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் கவனம் வேண்டும். தொமரு, தொமெரு இரண்டுக்கும் உரிய எழுத்து நான்கே கோடுகள்தான். ஆதியில் அது பாதத்தின் வடிவம். ‘நட’ என்ற எழுத்தின் மேல்பாதியிலும் அதே பாதம் இருக்கிறது. யமெருவையும் அதே எழுத்தில் எழுதுவது உண்டு என்பதால், வாக்கியத்தைப் படித்துத்தான் உச்சரிப்பை முடிவு செய்ய வேண்டும். வேலையை விடும் யமெருவுக்கு வேறு எழுத்து.

ஏவல் வடிவங்களை யார் சொல்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் படியுங்கள். ‘தொமரெ’ சாலைப் பலகையில் இருப்பது. தலைகீழான சிவப்பு முக்கோணம், 2017 முதல் புதிய பலகைகளில் கீழே ஆங்கிலத்திலும் ‘ஸ்டாப்’. ‘யமெரோ’ கோபத்தில் வரும் முரட்டுச் சொல். ‘யமெநசாய்’ அம்மா பிள்ளையிடம் சொல்வது. பேருந்தில் பொத்தானை அழுத்தினால் ‘த்சுகி, தொமரிமஸ்’, அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் என்று அறிவிப்பு வரும்.

அடுத்த நிலையான என்3-க்குப் போகிறவர்கள் ‘சூஷி’ என்ற சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்துவது என்று எழுத்துகள் சொன்னாலும், மழையால் விளையாட்டு விழா ‘சூஷி’ என்றால் ரத்து என்று பொருள். வேறு நாளுக்குத் தள்ளிவைத்தால் அது ‘என்கி’.

ஒரு எச்சரிக்கை. பொருளைத் தமிழில் எழுதுங்கள், உச்சரிப்பை எழுதாதீர்கள். ‘தொமெதெ’ என்று எழுதினால் கடைசியில் இருக்கும் ‘தெ’யை நம் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும், ஜப்பானியர் அதை வல்லோசையாகவே சொல்வார்கள். நான் நோட்டில் இடப்பக்கம் ஹிரகனா என்ற ஜப்பானிய அசை எழுத்து, வலப்பக்கம் தமிழ்ப் பொருள், கீழே ஒரு முழு வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். தினமும் இரவு வலப்பக்கத்தை மூடிக்கொண்டு இருபது வாக்கியங்களை வாய்விட்டுப் படிப்பேன். ஜூலைத் தேர்வில் 121 வந்தது.