மகப்பேறு மயக்கவியல் பேராசிரியர் என்ன செய்கிறார்?

பிறந்த குழந்தையின் நிலையை அளக்கும் ஆப்கார் மதிப்பெண்ணை உருவாக்கிய வர்ஜீனியா ஆப்கார் குழந்தைகள் நல மருத்துவர் என்றே பலர் நினைக்கிறார்கள். அவர் மயக்க மருத்துவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1938 முதல் மயக்கவியல் பிரிவை நடத்தினார். 1949-ல் அது தனித்துறை ஆனபோது தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. பேராசிரியரான ஆப்கார் பிரசவ அறைப் பக்கம் திரும்பினார். 1953-ல் வெளியான ஆப்கார் மதிப்பெண் அங்கே உருவானதுதான்: இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. தாய்க்குக் கொடுத்த மருந்து குழந்தையை என்ன செய்தது என்று ஒப்பிட அதன்பிறகுதான் ஓர் அளவுகோல் கிடைத்தது.

இந்தத் துறையின் உருப்படியான ஆய்வுகள் பெரும்பாலும் கையில் சிரிஞ்சு இருக்கும்போது எழும் கேள்விகள்தான். சிசேரியனுக்கு ஸ்பைனல் (முதுகுத்தண்டில் போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் ஊசி) போட்டதும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும். அதைத் தூக்க வெகுகாலம் எபிட்ரின்தான் கொடுத்தார்கள். பிரஷரை ஏற்றும் இன்னொரு மருந்தான ஃபீனைலெஃப்ரின் கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்ற பயம். அந்தப் பயம் ஆடுகளில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. பிறகு தாய்மார்களிடமே இரண்டையும் ஒப்பிட்டு, தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். எபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டியது. இன்று ஸ்பைனல் போட்ட கையோடு ஃபீனைலெஃப்ரினை நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை பம்ப்பில் ஓடவிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: துடிப்பு மந்தமாகும். துடிப்பும் பிரஷரும் சேர்ந்தே விழுந்தால் ஃபீனைலெஃப்ரினைக் கூட்டுவது தப்பு. அப்போது துடிப்பை ஏற்றும் எபிட்ரினோ கிளைக்கோபைரோலேட்டோதான் கைகொடுக்கும்.

கற்பிப்பது இதைவிடக் கடினம் என்பேன். எபிடூரல் டெஸ்ட் டோஸை எடுத்துக்கொள்ளுங்கள். எபிடூரல் என்பது பிரசவ வலியைக் குறைக்க முதுகில் மெல்லிய குழாய் (கதீட்டர்) வைத்து மருந்து செலுத்துவது; குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுக்கும் சிறு அளவுதான் டெஸ்ட் டோஸ். அட்ரினலின் 15 மைக்ரோகிராம் கலந்த 1.5% லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து, 3 மில்லி. கதீட்டர் ரத்தக்குழாய்க்குள் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு எகிறும். தண்டுவடத் திரவத்துக்குள் இருந்தால் சில நிமிடங்களில் கால் கனக்கும். புதிய மாணவர் இதைப் பிரசவ வலி ஏறும் நேரத்தில் கொடுத்துவிடுவார். வலியிலும் துடிப்பு ஏறும் என்பதால் எதனால் ஏறியது என்றே தெரியாது. வலி அடங்கியதும் கொடுத்தால் அடுத்த வலிக்கு முன் பதில் கிடைத்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் கதீட்டரை எடுத்துவிட்டு மறுபடி போடவேண்டியதுதான்.

ஆய்வில் பலர் சறுக்குவது ஒப்புதல் வாங்கும் இடத்தில். வலியில் துடிப்பவரிடம் நான்கு பக்கப் படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்கிவிட்டு, பிரசவத்தின்போது விருப்பத்தை உறுதி செய்துகொள்வதுதான் முறை.

ஸ்பைனலும் எபிடூரலும் பரவியதால் முழு மயக்கத்தில் சிசேரியன் அபூர்வமாகிவிட்டது. தாய்க்கு நல்லதுதான். ஆனால் மாணவருக்கு அந்தப் பழக்கமே வாய்ப்பதில்லை, தேவைப்படும் நாளிலோ நிமிடங்கள்தான் இருக்கும். கர்ப்பிணியின் மூச்சுக்குழாய் வீங்கியிருக்கும், ஆக்சிஜன் கையிருப்பு சீக்கிரம் தீரும். அதனால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியாத நிலையை பொம்மையை வைத்து, மகப்பேறு மருத்துவரையும் செவிலியரையும் கூடவே நிறுத்தி, திரும்பத் திரும்பப் பழக்குவதும் பேராசிரியரின் வேலைக்குள் வந்துவிட்டது.