வளர்ந்த பூனையைத் தத்தெடுத்தோம்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் நிறமோ இனமோ எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை. ஆளைத் தேடி வருகிற, சத்தத்துக்கு மிரளாத பூனை வேண்டும், அவ்வளவுதான். காப்பகத்தில் இதைச் சொன்னதும் குட்டிகளைக் காட்டாமல் இரண்டு வயது தாண்டிய பூனைகளிடம் அழைத்துப் போனார்கள். நல்ல யோசனை. குட்டி எப்படி வளரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, வளர்ந்த பூனையின் குணம் கண்ணெதிரே தெரியும்.

நாங்கள் யாரும் கையை நீட்டவில்லை, தரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். குட்டை முடியுள்ள ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை தானே வந்து என் முழங்காலில் கன்னத்தைத் தேய்த்தது. கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு, தனக்குப் பிடித்த இடத்திலும் ஆளிடமும்தான் பூனை அப்படித் தேய்க்கும். பையன் திடீரென்று சிரித்தபோது காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் கணவருக்கு அலர்ஜி உண்டு. குட்டை முடி என்றால் தொல்லை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. அலர்ஜியைக் கிளப்பும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது, முடி நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் அவர் மறுபடியும் போய் அந்தப் பூனையோடு நெடுநேரம் இருந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டோம். கருத்தடை, தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, பூனை லுக்கீமியா (பூனைக்குப் பூனை தொற்றும் வைரஸ் நோய்) பரிசோதனை எல்லாவற்றுக்கும் சீட்டு கேட்டு வாங்கினேன். கேட்கக் கூச்சப்படவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, இழுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒளிவது பரவாயில்லை, சாப்பிடாமல் இருப்பதுதான் ஆபத்து, ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரல் கெட ஆரம்பிக்கலாம். அதனால் காப்பகத்தில் கொடுத்த அதே உணவையே வைத்தோம், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வந்து சாப்பிட்டது, எனக்கு உயிரே வந்தது! புது உணவைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். அப்புறம் லில்லிப் பூ இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: விரலை நீட்டு, அது மோந்து பார்க்கட்டும், வயிற்றையும் வாலையும் தொடாதே. இப்போது பாடம் எழுதும்போது நோட்டின் மேலேயே படுத்துக்கொள்கிறது. முடி கொட்டத்தான் செய்கிறது, வாரம் ஒருமுறை மகள் சீவிவிடுகிறாள்.