ராத்திரி ஒன்பது மணிக்கு ஆணி அடிப்பது யார்?

முந்தாநாள் இரவு 9:10-க்கு எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் கீழ்வீட்டு மாமியின் குரல்பதிவு வந்து விழுந்தது. "யாராத்துலயோ ஒரு வாரமா ஆணி அடிச்சுண்டே இருக்கா. தினம் ஒம்பது மணிக்கு. டொக்கு டொக்குன்னு. இவருக்கு பிபி ஏறிடறது." பின்னணியில் சீரியல் மாமியார் ஒருத்தி மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் மாமாவுக்கு பிபி ஏறுவதில்லை போல.

எங்கள் வீட்டில் ஆணி அடிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. காலண்டர் மாட்டப்போய் பாத்ரூம் பைப்பைத் துளைத்த நாளோடு அது பறிக்கப்பட்டுவிட்டது. அதனால் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே. "மாமி, ஒருவேளை என் கிட்டார் சத்தமாக இருக்கலாம். ஹேமர்-ஆன் பழகிக்கொண்டிருக்கிறேன். மன்னிக்கவும்" என்று தட்டிவிட்டேன்.

அந்த வாக்கியத்தில் குரூப்புக்குக் கண்ணில் பட்டது 'ஹேமர்' மட்டும்தான். இரண்டே நிமிடத்தில் செக்ரட்டரி சார் பொதுக்குழுத் தீர்மானத்தின் போட்டோவைப் போட்டார்: டிரில்லிங், ஹேமரிங் வேலைகள் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே, ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லை. அதற்கு ஏழு கட்டைவிரல். மூன்றாவது மாடிக்காரர், "சார், உங்க கார்பென்டர் நம்பர் குடுங்க, எங்க லாஃப்ட் கதவு தொங்குது" என்றார். முதல் மாடித் தாத்தா வழக்கம்போல ரோஜாப்பூவோடு இனிய இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஹேமர்-ஆனில் சுத்தியலே கிடையாது; கிட்டார் கம்பிமேல் விரலைப் பொத்தென்று போட்டுச் சத்தம் எழுப்புவது, அவ்வளவுதான். அதற்கு அப்படிப் பெயர் வைத்தவரைச் சொல்ல வேண்டும். பீட் சீகர் என்கிற அமெரிக்க பாஞ்சோக்காரர். விரலை எடுக்கும்போது சத்தம் எழுப்பும் புல்-ஆஃபும் அவர் வைத்த பெயர்தான் என்கிறார்கள். மனுஷன் 1949-இல் இன்னொருவரோடு சேர்ந்து சுத்தியலைப் பற்றிப் பாட்டு வேறு எழுதியிருக்கிறார். அந்த ஊரில் ஃபிளாட் செக்ரட்டரி என்று ஒரு இனம் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் 'பூ வைத்தல்', 'பூ எடுத்தல்' என்று ஏதாவது வைத்திருப்பார். எங்கள் வீட்டிலும் இதே பெயர்க் குழப்பம்தான். நான் வாய்விட்டு "ஆன்... ஆஃப்... ஆன்... ஆஃப்" என்று சொல்லிக்கொண்டே பழகினால் அடுக்களையிலிருந்து "கீசரா, மோட்டாரா?" என்று குரல் வரும்.

கிட்டார் என்னுடையது இல்லை. 2020 லாக்டவுனில் மகள் அழுது அடம்பிடித்து வாங்கிய பொருள். மூன்று ஆன்லைன் வகுப்பு நடந்தது. அப்புறம் அது பீரோவுக்குப் பின்னால் போய், இஸ்திரி போட வேண்டிய துணிகளைத் தாங்கும் பதவியை ஏற்றது. போன மாதம் அதற்குக் கம்பி வாங்கலாம் என்று மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்குப் போனேன். 1842-லிருந்து இருக்கிற கடை, என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கும். அங்கே ஒரு பொடியன், பத்து வயது இருக்கும், ஒரு கிட்டாரை மடியில் வைத்து ஒரே ஒரு தடவைதான் மீட்டினான். சத்தம் மூன்று வந்தது. வலது கை சும்மா இருக்கிறது, இடது கை விரல் மட்டும் கொசு அடிக்கிற மாதிரி கம்பிமேல் விழுந்து எழுகிறது. பெரிய ஆட்கள் அதைப் பத்து இருபது சத்தமாகக்கூட இழுப்பார்களாம். எனக்கு மூன்று போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வயது 46. மூன்று கேட்பது பேராசை இல்லை.

கேட்க எளிதுதான். மூன்றாவது கம்பி, ஐந்தாவது கட்டத்தில் ஆள்காட்டி விரல். மீட்டு. அது ஒன்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மோதிர விரல் ஏழாவது கட்டத்தில், ஃப்ரெட் என்கிற உலோகக் கோட்டை ஒட்டி, பொத்தென்று விழ வேண்டும். அது இரண்டு, அதாவது ஹேமர்-ஆன். பிறகு அதே விரலை எடுக்கும்போது கம்பியைக் கீழ்ப்பக்கமாக லேசாகச் சுண்டிவிட்டு வர வேண்டும். மூன்று, புல்-ஆஃப். அதுவரை ஆள்காட்டி விரல் இடத்தைவிட்டு நகரக்கூடாது. தாளில் இதை 5ஹெச்7பி5 என்று கார் நம்பர் மாதிரி எழுதியிருப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்காரர்கள் எல்லோரும் "ரொம்ப ஈஸி கைஸ்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத் தடை செய்ய வேண்டும்.

என் விரல் விழுந்தால் சத்தம் பிறக்காது, இருக்கிற சத்தமும் செத்துப்போகும். வேகமாக அடித்தால் பக்கத்துக் கம்பிமேல் விழுந்து இரண்டும் சேர்ந்து முனகும். புல்-ஆஃப் இன்னும் மோசம். நேரே மேலே தூக்கினால் ஒன்றும் கேட்காது, முதல் கம்பியில் பலமாகச் சுண்டினால் அது பலகையின் ஓரம் தாண்டி வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. காம்பைப் பிடித்து மேலே தூக்குவதில்லை; விரலை ஓரமாகச் சறுக்கவிட்டு ஒரு இழுப்பு, இலை தனியாக வந்துவிடுகிறது. "அதேதான்! அதேதான்!" என்று கத்தினேன். "அப்படின்னா உக்காந்து இந்த ரெண்டு கட்டையும் உருவுங்க" என்றாள். உருவினேன். கலை வளர்ந்ததா தெரியாது, கூட்டு நன்றாக இருந்தது.

விரல் நுனி நான்கிலும் கோடு விழுந்து, தோல் தடித்து, இப்போது ஆபீஸ் பயோமெட்ரிக் என்னை நானில்லை என்கிறது. இடது ஆள்காட்டி விரலைத்தான் பதிந்து வைத்திருந்தேன். தினமும் காலையில் விரலைத் துடைத்து, ஊதி, நெற்றியில் தேய்த்து வைக்கிறேன். பின்னால் வரிசை நிற்கிறது. எச்ஆர் பெண்ணிடம் கிட்டார் என்று சொல்ல வெட்கப்பட்டு, பாத்திரம் தேய்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். என்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது சத்தமே வராதவன் வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு எப்படி ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்? இந்தக் கேள்வியோடு நேற்று மறுபடி உட்கார்ந்தேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து நாலு தடவை வாசித்திருப்பேன். வீட்டம்மா வந்து நின்றாள். கிட்டாரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"கால்."

தாளம் தப்பக்கூடாது என்று வலது குதிகாலால் தரையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. அரை மணிக்கு 1800 டொக்கு. ஒரு வாரத்துக்கு 12,600. மாமாவின் கட்டிலுக்கு நேர் மேலே. கணக்கு வைத்திருந்தால் நான் மாடியில் கப்பல் கட்டுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார். கையால் செய்ய வேண்டிய ஹேமர்-ஆனைக் காலால் பிரமாதமாகச் செய்திருக்கிறேன். குரூப்பில் விளக்கம் போடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கார்பென்டர் நம்பர் கேட்டு இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் மட்டும் இதுவரை புகார் வந்ததில்லை. நான் கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்ததும் அவர் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, டப்பாவில் வைத்து, மூடியை அழுத்திச் சாத்திவிட்டுப் பேப்பரை விரிப்பார். மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பாதவருக்கு அந்த ஜிப் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறதோ.

இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், என் நாற்காலிக்குக் கீழே பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தது. நீலக்கோடு போட்டது, பவானியிலிருந்து வாங்கி வந்தது, அம்மா இருந்தவரை கொலு சமயத்தில் மட்டும் வெளியே வரும். யார் எடுத்துப் போட்டது என்று கேட்டேன். வீட்டம்மா அப்பா பக்கம் கண்ணைக் காட்டினாள். அவர் பேப்பரை இறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஜிப்பைத் திறந்தேன். டப்பா டீப்பாய் மேல் திறந்தபடியே கிடந்தது, காலியாக. கால் ஜமுக்காளத்தில் பொதுக்கென்று இறங்கியது. ஐந்து, ஏழு, ஐந்து. ஐந்து, ஏழு, ஐந்து. பத்து நிமிடம் போயிருக்கும். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டாவது கேக்குது. மூணாவது எங்கடா?"