லீக் ஆட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

கோலாலம்பூர் திடல்களில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆடும் நம் பெண் பிள்ளைகள் சிலர் ஆஸ்திரேலியாவின் பெண்கள் ரக்பி லீக்கைக் கனவு காண்கிறார்கள். நல்ல கனவு. அந்த லீக் போட்டி 2018இல் 4 அணிகளோடு தொடங்கியது, 2025இல் 12 ஆகிவிட்டது. ஆனால் ஆட்டமே வேறு: அணிக்கு 13 பேர், 70 நிமிடம், பந்து கைமாறும் முன் ஆறு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது). பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டுவார். தடுக்கும் அணி ஒவ்வொரு தடவையும் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். மூச்சு முட்டுவது அங்கேதான், பந்தோடு ஓடும்போது அல்ல.

டேக்கிளில் தலை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓடி வருபவரின் இடுப்புக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் குறுக்கே போனால் அவர் முழங்காலோ இடுப்போ நேராகத் தலையில் இடிக்கும். பெரும்பாலும் தூரத்திலிருந்தே எட்டிப் பாய்வதால் வரும் வினை இது. கடைசி அடிகளைக் குட்டையாக வையுங்கள். கால் அவர் பக்கத்தில் ஊன்றியதும் தோள் படட்டும், இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டுங்கள், கால்களை ஓட்டிக்கொண்டே இருங்கள். ஆரம்பத்தில் முட்டி போட்டு, மெதுவாக, இரண்டு தோளிலும் சமமாகப் பழகுங்கள். பழகாத தோள் பக்கம்தான் தலை தப்பான இடத்துக்குப் போகும்.

தலையில் அடிபட்டு மயக்கமோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் கேட்டாலும் இறங்காதீர்கள்.