மாஸ்டர்ஜியின் நோட்டு

விமானப்படையில் ரேடார் பிரிவில் இருந்தேன் என்று சொன்னால், "பறக்கும் தட்டு பார்த்திருக்கீங்களா சார்?" என்று கேட்காத ஆள் குறைவு. தட்டு எதையும் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரியில் வெளிச்சம் பார்த்ததாக எழுதிக் கொடுத்த ஒருவரை விசாரிக்கப் போயிருக்கிறேன்.

1996 பிப்ரவரி. ராஜஸ்தானில் பார்மேருக்குத் தெற்கே ஒரு சின்ன ரேடார் பிரிவு. நான் கார்ப்போரல். எல்லையோரக் கிராமம் ஒன்றின் பள்ளி ஆசிரியர் போலீசுக்குக் கொடுத்த மனு, நாலு மேசை தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தது. நள்ளிரவு தாண்டியதும் தென்மேற்கே தாழ்வாக ஒரு விளக்கு, சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் போய் இறங்குகிறது, தினமும். இதுதான் மனு.

வேறு சமயமாக இருந்தால் ஃபைலில் செருகி மறந்திருப்பார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்புதான், 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தில் புருலியா கிராமங்களின் மேல் ஒரு ஆன்டனோவ்-26 விமானம் ஏகே-47களையும் தோட்டாக்களையும் பாராசூட் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. விடிந்ததும் அதைக் கண்டெடுத்தவர்கள் ஊர் ஜனங்கள். அதற்கப்புறம் ஊர்க்காரன் சொல்வதை ஒதுக்கித் தள்ள எந்த அதிகாரிக்கும் தைரியம் வரவில்லை. மேலும், விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை விளக்கு. அந்த ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனாலேயே மனு எங்களைக் கொஞ்சம் உறுத்தியது.

எங்கள் லாக் புக்கைப் புரட்டினோம். அந்த நேரங்களில் அந்தத் திசையில் ஒன்றும் பதிவாகவில்லை. அதை வைத்து மட்டும் எதுவும் சொல்லிவிட முடியாது. தரையை ஒட்டிப் பறப்பது ரேடாருக்குச் சிக்காது, மணல்மேடுகளின் எதிரொலியிலேயே கலந்துவிடும். ஆக, போய்ப் பார்ப்பதுதான் வழி. ஒரு ஜோங்கா ஜீப், ஒரு பைனாகுலர், ஒரு காம்பஸ், ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த ஒரு சர்தார் வாரண்ட் ஆபீசர், அப்புறம் நான்.

கிளம்பும்போதே வாரண்ட் சாப் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "வெள்ளிக் கிரகமப்பா, வேற என்ன?" அந்த மாதம் சாயங்காலம் மேற்கில் வெள்ளி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு முன்பே அது இறங்கிவிடும். மனுவில் இருந்தது நள்ளிரவுக்குப் பின்.

ஆசிரியருக்கு முப்பது வயதிருக்கும். ஜெய்ப்பூரில் வளர்ந்தவர், ஆறு மாதத்துக்கு முன்புதான் மாற்றலாகி வந்திருந்தார். மின்சாரம் இல்லாத ஊர். பள்ளித் திண்ணையிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கை. நாங்கள் விறைப்பாகக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் மிரண்டுபோனார். தன்னையே சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. வாரண்ட் சாப் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "மாஸ்டர்ஜி, முதல்ல டீ குடிக்கலாமா?" என்றார். ஒட்டகப் பால் டீ. அதற்கப்புறம்தான் மனிதர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

ஐந்தாம் வகுப்புப் பையனின் கணக்கு நோட்டு. பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். பிப்ரவரி 3: 1.20. 4: 1.16. 5: 1.12. 6: தூங்கிவிட்டேன். 7: 1.04. கடைசி ஓடையைத் தாண்டி நிற்கும் கேஜ்ரி மரத்தின் பின்னால் விளக்கு மறையும் நேரம் அது. கட்டிலின் கால்களைக்கூடச் செங்கல் வைத்து அசையாமல் நிறுத்தியிருந்தார், பார்க்கும் இடம் மாறக்கூடாதாம். எச்எம்டி வாட்ச், தினமும் ஆகாசவாணி மணியடிக்கும்போது சரிபார்ப்பாராம். 'தூங்கிவிட்டேன்' என்று எழுதியிருந்தாரே, அதைப் படித்ததும் அந்த நோட்டின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் லாக் புக்கில் அப்படி எழுதிய ஆளை நான் கண்டதில்லை. தூங்காதவர்கள் என்று அர்த்தமில்லை.

வாரண்ட் சாப் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் நாலு நிமிஷம் முன்னால. எந்த பைலட்டப்பா இவ்வளவு ஒழுங்கு?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நட்சத்திரங்கள்தான் தினமும் நாலு நிமிஷம் முந்தும். பூமி ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிஷம், நம் கடிகாரத்துக்கோ 24 மணி. விசாரணை அங்கேயே, டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே, முடிந்துவிட்டது. ஆனாலும் இருந்து பார்த்தோம். அன்றைக்குத் தேதி 17. கணக்குப்படி 12.24.

அமாவாசைக்கு முந்தின ராத்திரி. நல்ல குளிர். தெற்கே தாழ்வாக அது நின்றது. பைனாகுலரில் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று தகதகத்தது. மணலுக்கு மேல் அடுக்கடுக்காக நிற்கும் குளிர்ந்த காற்று வழியாக வரும் ஒளி அப்படித்தான் சிதறும். காம்பஸில் 206 டிகிரி, தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி. 12.20 வாக்கில் மரத்தின் உச்சியைத் தொட்டது. மாஸ்டர்ஜி டார்ச்சை வாட்ச் மேல் அடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மறைந்ததும், "12.24," என்றார்.

ஓரமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆடு மேய்க்கும் கிழவர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "அகஸ்த்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ஜீப்பில் வந்தீங்க?" என்றார். விடியற்காலையில் அது தென்பட ஆரம்பித்தால் மழை முடிந்தது என்று அவர்களுக்குக் கணக்காம். மாஸ்டர்ஜியும் அவரைக் கேட்கவில்லை, போலீசும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அகத்தியர் விண்மீன்! எங்கள் ஊரில், தஞ்சாவூர்ப் பக்கம், வானத்தில் கிட்டத்தட்ட 27 டிகிரி உயரத்துக்கு ஏறி நிற்கும். பார்மேரில் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் எழும்பாது. தெற்கே போன முனிவரை அவ்வளவு வடக்கிலிருந்து பார்த்தால் தரையோடு தரையாகத்தான் தெரிவார். ஜெய்ப்பூரில் வீடுகளே மறைத்துவிடும். நான் சின்ன வயதில் மொட்டை மாடியில் பார்த்த அதே ஆள் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாஸ்டர்ஜிக்கு முகம் சிறுத்துவிட்டது. அவர் அவ்வளவு கூச்சப்பட்டிருக்க வேண்டியதில்லை. 2012-13ல் லடாக்கில் ராணுவத்தினரே எல்லைக்கு மேல் விளக்குகளைப் பார்த்து ஆளில்லா விமானமோ என்று மாதக்கணக்கில் குறித்து வைத்தார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் பார்த்து, வியாழனும் வெள்ளியும்தான் என்று சொன்னார்கள்.

திரும்பி வந்து அறிக்கை எழுதினோம். "விண்பொருள். மேல் நடவடிக்கை தேவையில்லை." நோட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன்; மேலதிகாரிகள் அதை அடித்துவிட்டார்கள். மனு கொடுத்தவருக்குக் கடிதம் ஏதும் போகவில்லை.

மார்ச் கடைசி வாரம், பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். வாரண்ட் சாப் பெயருக்கு மாஸ்டர்ஜி எழுதியது. துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் புகை மாதிரி ஒன்று நிற்கிறது, மின்னவில்லை, நேற்றைக்கு இன்று இடம் மாறியிருக்கிறது, நேரங்கள் கீழே. எதிரி இல்லை என்று தெரியும், நீங்கள் பார்த்தீர்களா?

ஹியாகுடாகே வால்நட்சத்திரம். பேப்பரில்கூட வந்திருந்தது. நான் பார்த்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட், ஜன்னல் இல்லாத கேபினில் ரேடார் ஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.