டிக்கி கதவுல ரெண்டு ஓட்டை

போன சனிக்கிழமை ஒருத்தர் என் டாட்சன் 240இசட்-ஐ பாக்க வந்தாரு. இஞ்சின் எப்படி ஓடுதுன்னு கேப்பாருன்னு பாத்தா, நேரா பின்னாடி போயி டிக்கி கதவ தடவிப் பாத்துட்டு "ஓட்டை எங்க?"ன்னார். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். நிசான் கம்பெனி டாட்சன்ங்கற பேர்ல 1969 கடைசில இங்க அமெரிக்காவுக்கு கொண்டு வந்த ஸ்போர்ட்ஸ் கார் இது, அப்போ விலை 3,526 டாலர். ஜப்பான்ல ஃபேர்லேடின்னு பேரு, அந்தப் பேர்ல இங்க ஒரு பய வாங்க மாட்டான்னு அப்போ இங்க நிசான் வியாபாரத்த பாத்துக்கிட்ட யுடாகா கடயாமா அத தூக்கிட்டு 240இசட்னு பேட்ஜ் ஒட்டினார். ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர், 151 குதிரை சக்தி, ரெண்டு கார்பரேட்டர். முதல்ல வந்த வண்டிங்கள்ல டிக்கி கதவுல கண்ணாடிக்கு கீழ ரெண்டு காத்து துவாரம் இருக்கும், உள்ள வர்ற காத்து வெளிய போக. ஆனா பின்னாடி போற சைலன்ஸர் புகை அது வழியாவே உள்ள வருதுன்னு ஒரே புகார், அதனால 1971 ஆரம்பத்துல துவாரத்த கூரைய தாங்கற பின்பக்கத் தூண் ரெண்டுக்கும் மாத்தி வட்டமா ஒரு இசட் பேட்ஜ வச்சு மூடிட்டாங்க. (புகை நின்னுச்சாங்கறீங்களா? டிக்கி ரப்பரும் பின் லைட்டு ரப்பரும் செத்துப்போச்சுன்னா எந்த வருஷ வண்டியா இருந்தாலும் புகை வரும்.) ஆக கம்பெனியே தப்புன்னு திருத்தின அந்த ரெண்டு ஓட்டைக்குத்தான் இன்னிக்கு காசு.

என்னுது 1970 ஆகஸ்ட், டிரைவர் கதவ தொறந்தா பக்கத்து தகட்டுலயே மாசம் வருஷம் இருக்கு. எட்டு வருஷம் முன்னாடி வாங்கறப்ப நான் பாத்தது பெயின்ட் பளபளப்ப மட்டும்தான். எப்பவோ யாரோ பின்னாடி இடி வாங்கி பிந்தின வண்டியோட ஓட்டை இல்லாத டிக்கி கதவ மாட்டி அதே கலர் அடிச்சிருக்காங்க, அது தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஃப்ளோர் கதை தனி. மேல தார் ஷீட் ஒட்டியிருக்கும், பாக்க கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். ட்ரை ஐஸ் அஞ்சு கிலோ வாங்கி வந்து ஒரு துணில கட்டி அது மேல வச்சு இருபது நிமிஷம் விட்டு சுத்தியலால தட்டினா அப்பளம் மாதிரி நொறுங்கி வருது, அந்த சத்தம் கேக்க அவ்ளோ சுகமா இருந்துச்சு, டிரைவர் சீட்டுக்கு கீழ வர்ற வரைக்கும். அங்க தட்டினேன், தார் கூடவே தரையும் வந்துருச்சு. ஓட்டை வழியா கராஜ் சிமென்ட் தெரியுது. பேட்டரி தட்டுக்கு கீழயும் இதே கதி, ஆசிட் சொட்டி சொட்டி கீழ இருக்கற ஃப்ரேம் வரைக்கும் தின்னு வச்சிருக்கு. இந்த வண்டி வாங்கறவங்க முதல்ல அங்க டார்ச் அடிச்சு பாருங்க, பெயின்ட்ட அப்புறம் ரசிக்கலாம்.

நல்லதும் இருக்கு. இஞ்சின் பிளாக்ல குத்தின நம்பரும் இஞ்சின் ரூம் தகட்டுல இருக்கற நம்பரும் ஒண்ணுதான், அதாவது வண்டியோட வந்த இஞ்சினேதான். இஞ்சினோட மேல்பாகம், அதான் ஹெட்டு, அதுல ஈ31னு வார்ப்புலயே இருக்கு, அதுவும் முதல் வண்டிங்களோடதுதான், நிறைய பேர் கழட்டி வித்துட்டாங்க.

வித்தவங்கள்ல நானும் ஒருத்தன், ஹெட்ட இல்ல, வீல. 14 இஞ்ச் இரும்பு வீலு, மூடியோட நாலு, அசிங்கமா இருக்குன்னு அலாய் வாங்கி மாட்டிட்டு அத சும்மா கெடக்கேன்னு 60 டாலருக்கு தள்ளிவிட்டேன். இப்போ அந்த மூடி ஒண்ணு தேடறதுக்கே நாக்கு தள்ளுது.

2020 ஜனவரில 21,000 மைல் சொச்சம் ஓடின 1971 வண்டி ஒண்ணு ஆன்லைன் ஏலத்துல 3,10,000 டாலருக்கு போச்சு. அதுலேர்ந்து துரு புடிச்ச கூட்டுக்கு கூட ஆளாளுக்கு வாய்க்கு வந்த விலை சொல்றாங்க. அந்த வண்டில யாரும் கை வைக்கல, அதனாலதான் அந்த விலை, நம்ம மாதிரி ஒட்டுப்போட்டதுக்கு அந்தக் கணக்கு செல்லாதுய்யா.

வந்தவர் சொன்ன விலைக்கு நான் குடுக்கல. ஓட்டை வச்ச கதவு ஒண்ணு கெடச்சிருக்கு, ஓரத்துல நசுங்கல், ஆரஞ்சு கலர். என் வண்டி வெள்ளை. பெயின்ட் அடிக்காம அப்படியே மாட்டிட்டு ஒரு மாசம் ஓட்டலாம்னு இருக்கேன், வீட்ல மட்டும் இன்னும் சொல்லல.