அம்மாவுக்கு விமானத்தில் சைவச் சாப்பாடு: பதிந்ததும் கிடைத்ததும்

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரைக்காகக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சுத்த சைவம், வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் ராலே நகரத்தில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்ததை ஒட்டி அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். சென்னையிலிருந்து பாஸ்டன் வரை ஒரே நிறுவனம், நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். பாஸ்டனிலிருந்து ராலேவுக்கு அந்த நிறுவனத்தின் கூட்டாளியான அமெரிக்க நிறுவனம். டிக்கெட் ஒன்றுதான், விமானங்கள் மூன்று. சாப்பாட்டை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடைமுறை எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டிக்கெட் எடுத்துத் தந்த பயண முகவர், "அம்மாவுக்குச் சாப்பாடு பதிந்துவிட்டேன் மேடம், கவலைப்படாதீர்கள்" என்றார். அவர் அனுப்பிய தாளில் அம்மாவின் பெயருக்குக் கீழே எச்என்எம்எல் என்று நான்கு எழுத்துகள் இருந்தன. இந்து உணவு என்பதற்கான குறியீடு அது. பார்த்தவுடன் எனக்குப் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 2018 ஜூலையில் எமிரேட்ஸ் நிறுவனம் இந்து உணவு என்ற தேர்வை நீக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அதைப் படித்தபோதுதான் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத உணவு, அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரலாம் என்பது எனக்குத் தெரிந்தது. உடனே முகவரை அழைத்தேன். "இந்து என்றால் சைவம்தானே மேடம்" என்றார். நாளெல்லாம் டிக்கெட் போடுகிற ஒருவர் இப்படி நினைப்பது எனக்குக் கோபத்தை விட அச்சத்தையே தந்தது. எத்தனை வீட்டுப் பெரியவர்கள் இப்படி ஏறி, தட்டைத் திறந்து பார்த்து, மூடிவைத்துவிட்டுப் பட்டினியாக இறங்கியிருப்பார்கள்?

சிறப்பு உணவு கேட்கிறவர்கள் பெயரை நம்ப வேண்டாம், குறியீட்டைக் கேளுங்கள். ஏவிஎம்எல் என்பது இந்திய முறைச் சைவம். பால், தயிர், பன்னீர் இருக்கும். இறைச்சியும் மீனும் கிடையாது. பெரும்பாலான நிறுவனங்களில் முட்டையும் கிடையாது. விஜிஎம்எல் என்றால் பால் பொருள்கள்கூட இல்லாத உணவு. அதில் தயிர் வராது. விஎல்எம்எல் மேலைநாட்டுச் சைவம், முட்டை சேரலாம். விஜேஎம்எல் என்பது சமணர்களுக்கான உணவு: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என மண்ணுக்கடியில் விளைவது எதுவும் இல்லாமல் சமைப்பது. எப்பிஎம்எல் பழத்தட்டு. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. வெறும் பழம் மட்டும் என்பதால் சர்க்கரைக்காரர்களுக்கு அது ஆகாது.

சர்க்கரைக்காரர்களுக்கென்றே டிபிஎம்எல் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவோம் என்றுதான் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பேசிய பெண் பொறுமையானவர்.

"அதில் கோழி, மீன் வருமா?"

"வரலாம் மேடம். அது சைவ உணவு அல்ல."

"சைவம், சர்க்கரை இரண்டையும் சேர்த்துப் பதிய முடியுமா?"

"ஒரு பயணிக்கு ஒரு சிறப்பு உணவுதான் மேடம்."

நம் வீடுகளில் அறுபதைத் தாண்டிய சைவக்காரர்களில் சர்க்கரை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்று ஒரு பெரிய நிறுவனம் சொல்வதை நான் நியாயமாகக் கருதவில்லை, அந்தப் பெண்ணிடமும் அதைச் சொன்னேன். அவர், "உங்கள் கருத்தைப் பதிவு செய்கிறேன்" என்றார். பிறகு அவராகவே, "அம்மா வெங்காயம் சேர்ப்பார்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்படியானால் விஜேஎம்எல் எடுங்கள் மேடம், அதில் உருளைக்கிழங்கும் இருக்காது" என்றார். எனக்குத் தோன்றாத யோசனை. பருப்பு, கொண்டைக்கடலை, பட்டாணி, பீன்ஸ், கோஸ் என்றுதான் அந்தத் தட்டு பெரும்பாலும் அமையும். சோற்றின் அளவை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். எல்லா நிறுவனங்களிலும் இந்த வகை கிடையாது. இருக்கிற இடத்தில், வெங்காயம் பூண்டு சேர்க்காத சர்க்கரைக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாற்றிய பிறகு நிறுவனத்தின் இணையதளத்தில், ஆறு எழுத்து முன்பதிவு எண்ணைப் போட்டு நானே திறந்து பார்த்தேன். முதல் விமானத்துக்கு உறுதி என்று காட்டியது. இரண்டாவதுக்குக் கோரிக்கை பெறப்பட்டது என்று மட்டும் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. கோரிக்கை என்று நிற்கும்வரை சமையல்கூடத்துக்கு உத்தரவு போகும் என்று சொல்ல முடியாது. மறுபடி அழைத்து அதையும் உறுதி செய்தேன். மூன்றாவது விமானத்துக்கு முடியாது என்று திரும்பிவந்தது. அமெரிக்காவுக்குள் ஓடும் சிறிய தூர விமானங்களில் சாதாரண வகுப்பில் சாப்பாடே கிடையாது, பிஸ்கெட் மாதிரி ஏதாவது கொடுப்பார்கள். கூட்டாளி நிறுவனம் ஓட்டும் விமானமாக இருந்தால் சாப்பாட்டை முடிவு செய்வதும் அந்த நிறுவனம்தான். டிக்கெட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இதற்குப் பிறகு விமான நேரம் மாறியதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. புறப்பாடு சற்று முன்னே நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் முன்பதிவைத் திறந்தால் முதல் விமானத்தின் சாப்பாட்டுக் குறியீடு காணாமல் போயிருந்தது. நேரமோ விமான எண்ணோ மாறும்போது பழைய பயணத்தை நீக்கிப் புதியதை ஏற்றுகிறார்கள். அதோடு ஒட்டியிருந்த கோரிக்கைகள் சில நேரம் உதிர்ந்துவிடுகின்றன. யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நிறுவனத்திடமிருந்து மாற்றம் என்று எந்தச் செய்தி வந்தாலும் சாப்பாட்டைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சிறப்பு உணவைச் சொல்லிவிடச் சொல்கின்றன. யூதர்களுக்கான கோஷர் உணவுக்குப் பல இடங்களில் 48 மணி நேரம். காரணம் இருக்கிறது. விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. விமான நிலையத்தின் அருகே இருக்கும் பெரிய சமையல்கூடத்தில் முன்கூட்டியே சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, தட்டுகளில் அடுக்கி, வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். மேலே சூடாக்கித் தருவது மட்டுமே பணியாளர் வேலை. ஆகவே விமான நிலையக் கவுன்டரில் போய் நின்று எவ்வளவு மன்றாடினாலும் புதிதாக ஒரு சைவத் தட்டு முளைக்காது.

இத்தனைக்கும் மேல் நான் வீட்டுச் சாப்பாட்டையும் கட்டினேன். எங்கள் சர்க்கரை மருத்துவர் அழுத்திச் சொன்னது ஒன்று: தட்டு கண்ணெதிரே வந்து, மூடியைத் திறந்து, இதைச் சாப்பிட முடியும் என்று தெரிந்த பிறகுதான் ஊசி. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப ஊசியின் வேளையையும் அவரே எழுதிக்கொடுத்தார். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, அங்கே உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு வைத்தேன். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு, நல்லெண்ணெய் விட்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பொடியைத் தனியாக டப்பாவில் கொண்டுபோகாமல் வீட்டிலேயே இரண்டு பக்கமும் பூசி, வாட்டிய வாழையிலையில் நான்கு நான்காகச் சுற்றினேன். சட்னி, தயிர், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். கூடவே பொட்டுக்கடலை ஒரு பொட்டலம். வேர்க்கடலையைத் தவிர்த்தேன். பக்கத்தில் ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் விமானத்தில் அதைப் பிரிக்க வேண்டாம் என்று அறிவிப்பதுண்டு.

முதல் விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணிடம் அம்மாவின் இருக்கை எண்ணையும் குறியீட்டையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துத் தலையசைத்தார். சிறப்பு உணவுகள் வண்டி கிளம்புவதற்கு முன்பே வந்துவிடும். தகடு மூடியின் மேல் இருக்கை எண்ணும் விஜேஎம்எல் என்ற எழுத்துகளும் அச்சிட்ட வெள்ளை ஒட்டுச்சீட்டு. உள்ளே சீரகம் தாளித்த சோறு, பாசிப்பருப்பு, கோஸ் பொரியல், ஒரு கிண்ணம் தயிர், இனிப்பு, ஒரு ரொட்டி உருண்டை. அம்மா ஒட்டுச்சீட்டைப் படித்தார், பருப்பை முகர்ந்து பார்த்தார், பிறகு ஊசி போட்டுக்கொண்டார். சோற்றில் பாதி, பருப்பு முழுவதும், தயிர் முழுவதும். இனிப்பும் ரொட்டியும் என் பக்கம் வந்தன.

இடைநிலை ஊரில்தான் சோதனை. அடுத்த விமானத்தில் உட்கார்ந்து கதவும் மூடிய பிறகு ஏதோ பழுது என்று ஓடுபாதை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். தரையில் நிற்கும்போது சாப்பாடு பரிமாற மாட்டார்கள். அம்மா பேச்சைக் குறைத்தார், நெற்றியில் வியர்வை துளிர்த்தது. குளுக்கோமீட்டரில் பார்த்தால் 68. பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். காரணத்தைச் சொன்னதும் நொடியில் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார், பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அம்மா குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. அதன் பிறகு இலையைப் பிரித்தோம். "பழைய ரயில் வாசனை வருகிறது" என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். சுற்றியிருந்த இரண்டு மூன்று வரிசைக்கு அந்த நல்லெண்ணெய் மணம் போயிருக்கும். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே விமானத்தில் இறங்குவதற்கு முன் வந்த இரண்டாம் சாப்பாட்டின் ஒட்டுச்சீட்டில் ஏவிஎம்எல் என்று இருந்தது. உள்ளே வெங்காயம் வதக்கிப் போட்ட உருளைக்கிழங்கு. அம்மா மூடியை மூடினார். ஊசி இன்னும் போடவில்லை என்பதால் ஆபத்து எதுவும் இல்லை. மீதி இட்லியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒட்டுச்சீட்டைப் படம் பிடித்துக்கொண்டேன். தட்டில் இருந்த ஆப்பிளை அம்மா பையில் போடப்போனார். தடுத்தேன். அமெரிக்காவில் இறங்கும்போது அறிவிக்காமல் பழம் கொண்டுவந்தால் அபராதம். விமானத்தில் கொடுத்த பழம் என்றாலும் அதே விதிதான். ராலே விமானத்தில் பொட்டுக்கடலை கைகொடுத்தது.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே நிறுவனத்துக்கு எழுதினேன். முன்பதிவு எண், விமான எண், உறுதி என்று காட்டிய பக்கத்தின் படம், ஒட்டுச்சீட்டின் படம் நான்கையும் சேர்த்தேன். நீளமாக எழுதவில்லை. என் அம்மா இன்சுலின் போடுகிறவர், தவறான தட்டு அவருக்கு வெறும் ருசிப் பிரச்சினை அல்ல என்று மட்டும் சொன்னேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, திரும்பும் பயணத்தின் இரண்டு நீண்ட விமானங்களுக்கும் விஜேஎம்எல் உறுதி என்ற தாளும் கூடவே வந்தது. சைவம், சர்க்கரை இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எழுதினால் நல்லது.

திரும்பும்போது எல்லாத் தட்டுகளும் சரியாக வந்தன. பாஸ்டனில் ஏற்றிய சாப்பாட்டில் காரமும் இல்லை, உப்பும் போதவில்லை, ஆனால் கொண்டைக்கடலை நிறைய இருந்தது. தம்பி குடும்பம் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறது. மடியில் வைத்து வரும் கைக்குழந்தைக்கும் பிபிஎம்எல் என்று தனியாகக் குழந்தை உணவு பதியலாம். அவன் பதிந்துவிட்டான், முதல் விமானத்துக்கு உறுதியாகியிருக்கிறது, இரண்டாவதுக்கு இன்னும் கோரிக்கை என்றே காட்டுகிறது. நாளை அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.